முகங்காணா வியாபாரத்தில் பணம் வாங்கும் முறை



கடையில் உட்கார்ந்து விற்கிற நமக்குப் பணம் வாங்குவது ஒரு பாடமாகப் படிக்க வேண்டிய விஷயமாக இருந்ததில்லை. வாங்க வந்தவர் எதிரில் நிற்கிறார், சரக்கைத் தூக்கிப் பார்க்கிறார், பேரம் பேசுகிறார், நோட்டை நீட்டுகிறார். நாம் அதை வெளிச்சத்தில் ஒரு முறை பிடித்துப் பார்த்துவிட்டுப் பெட்டியில் போடுகிறோம். சரக்கு ஒரு கையால் போகிறது, பணம் மறு கையால் வருகிறது. இரண்டுக்கும் நடுவில் ஒரு மேஜையின் அகலந்தான் தூரம்.

இணைய வியாபாரத்தில் அந்த மேஜை பெர்லிஸிலிருந்து சபா வரை நீண்டு போயிற்று. வாங்குகிறவர், "சரக்கு வரட்டும், பணம் தருகிறேன்" என்கிறார். விற்கிறவர், "பணம் வரட்டும், சரக்கு அனுப்புகிறேன்" என்கிறார். இருவர் சொல்வதும் நியாயந்தான். இந்த இழுபறியைத் தீர்க்க ஏற்பட்டவைதாம் இன்றுள்ள பணம் வாங்கும் முறைகள் யாவும். ஆகவே எந்த முறையைப் பற்றி யார் வந்து புகழ்ந்து பேசினாலும், நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: சரக்கு போய்ப் பணம் வராமல் இருக்கும் அந்த இடைநேரத்தில் நஷ்டம் யார் தலையில்? இதற்கு விடை தெரிந்தால் அந்த முறை நமக்கு ஆகுமா ஆகாதா என்பது தெரிந்துவிடும்.

முன்னதாக ஒரு சிறு கணக்கு. ஜவுளியோ மசாலாவோ, நூறு வெள்ளிக்கு விற்றால் செலவெல்லாம் போகப் பத்து வெள்ளி நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆயிரம் வெள்ளிச் சரக்கை ஒருவன் ஏமாற்றி வாங்கிப் போய்விட்டால், கையை விட்டுப் போன முதல் 900 வெள்ளி. அதை மீட்க இன்னும் 9,000 வெள்ளிக்கு வியாபாரம் நடக்க வேண்டும். அந்த ஒன்பதாயிரத்திலும் நமக்கென்று ஒரு காசு மிஞ்சாது. ஒரு பார்சல் தவறியதற்காக ஒரு மாதம் சும்மா உழைக்கிற நிலை சிறு கடைக்காரருக்கு ஏற்பட்டுவிடும். "சின்னத் தொகைதானே" என்று சொல்லுகிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காதவர்கள்.

நம்மவர்களில் பெரும்பாலோர் கையாளுவது, பாங்கிக் கணக்கில் நேரே பணம் போடச் சொல்லும் முறை. வாட்ஸ்அப்பில் ஆர்டர் வரும், கணக்கு எண்ணைக் கொடுப்போம், பணம் போட்ட ரசீதின் படம் வரும், பார்சலைக் கட்டுவோம். 2018 டிசம்பரில் டூயிட்நவ் வந்தபின் இது மிக எளிதாகிவிட்டது. கைத்தொலைபேசி எண், அடையாளக் கார்டு எண், வியாபாரப் பதிவு எண் ஆகியவற்றில் ஒன்றைப் பாங்கிக் கணக்கோடு இணைத்துவிட்டால் போதும். அந்த எண்ணுக்கு அனுப்பிய பணம் சில வினாடிகளில் வந்து விழுகிறது. அனுப்புகிறவருக்கு, அனுப்புமுன்னரே, பெறுகிறவரின் பெயர் திரையில் தெரிகிறது. ஆகையால் வியாபாரக் கணக்கு ஒன்று திறந்து, பதிவு எண்ணைக் கொண்டே டூயிட்நவ்வில் பதிந்து வைப்பது நல்லது. கடையின் பெயரே திரையில் வந்தால், முகமறியாதவருக்கும் நம்மேல் ஒரு நம்பிக்கை பிறக்கும். மருமகன் பெயரிலுள்ள கணக்கு, கடைப்பையன் பெயரிலுள்ள கணக்கு என்று ஆளுக்கொன்றாகக் கொடுக்கிற பழக்கம் சிலரிடம் இருக்கிறது. அதை விட்டுவிட வேண்டும். வாங்குகிறவருக்குச் சந்தேகம் வரும் என்பது ஒரு காரணம். கணக்கையும் பாங்கிக் கார்டையும் பிறர் உபயோகத்துக்குக் கொடுப்பதைப் பற்றித் தண்டனைச் சட்டத்தில் 2024ல் புதிய பிரிவுகள் சேர்க்கப்பட்டிருக்கின்றன என்பது மற்றொரு காரணம். சம்பளத்துக்கு நிற்கிற பையனை நம் வசதிக்காகப் போலீஸ் விசாரணைக்கு இழுத்துவிடுவது நமக்கு அழகல்ல.

நிற்க. இந்த முறையில் மனத்தில் பதிய வேண்டியது, ரசீது வேறு, வரவு வேறு என்பது. வாங்குகிறவர் அனுப்புவது ரசீதின் படம்; அது அவர் கையில் உள்ளது. வரவு என்பது நம் கணக்கில் ஏறியிருப்பது. அது நம் கையில் உள்ளது. படத்தில் தொகையையும் தேதியையும் பெயரையும் மாற்ற இன்று பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். படம் மெய்யாகவே இருந்தாலும் பணம் வந்ததாக அர்த்தமில்லை. நாளைய தேதிக்கோ அடுத்த வாரத்துக்கோ அனுப்பும்படி ஏற்பாடு செய்துவிட்டு, அந்த ஏற்பாட்டின் ரசீதை அனுப்பி வைக்கலாம். பார்சல் கிளம்பியதும் ஏற்பாட்டை ரத்துச் செய்துவிடலாம். ரசீதில் 'வெற்றி' என்றுதான் இருக்கும், தேதியை யார் உற்றுப் பார்க்கிறார்கள்? உடனே போய்ச் சேரும் முறை அல்லாமல் தாமதமாகச் சேரும் ஐ.பி.ஜி. முறையில் அனுப்பினாலும் ரசீது முந்தும், பணம் பிந்தும்.

"அண்ணே, பணம் போட்டாச்சு. ரசீது பாருங்க. கிராப் ஆள் உங்க கடை வாசல்ல நிக்கிறாரு, கொஞ்சம் சீக்கிரம் குடுத்து விடுங்க" என்று ஒருவர் அவசரப்படுத்தினால், அந்த அவசரத்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். அதற்குப் பதில் மரியாதையாகவே சொல்லலாம்: "தம்பி, கணக்குல ஏறினதும் அடுத்த நிமிஷம் குடுத்து விடறேன்." மெய்யான வாடிக்கைக்காரர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். கோபிக்கிறவருடைய வியாபாரம் நமக்கு வேண்டாம்.

கணக்கைப் பார்ப்பதிலும் ஒரு ஒழுங்கு வேண்டும். பணம் வந்ததாக வரும் குறுஞ்செய்தியை நம்பலாகாது. பாங்கியின் பெயரைப் போட்டு எவனும் செய்தி அனுப்பலாம். பாங்கியின் செயலியை நாமே திறந்து வரவைப் பார்க்க வேண்டும். முதலாளியிடம் மாத்திரம் செயலி இருந்து, பார்சல் கட்டுகிற பையன் ரசீதுப் படத்தைப் பார்த்து அனுப்பிக்கொண்டிருந்தால் அங்கேதான் ஓட்டை விழும். சில பாங்கிகள் வியாபாரக் கணக்குக்குத் துணைப் பயனர் என்று ஒருவரைச் சேர்த்து, வரவைப் பார்க்க மட்டும் அனுமதி தருகின்றன. பணம் எடுக்க அவரால் முடியாது. கடையில் ஆள் வைத்திருக்கிறவர்கள் இதைப் பாங்கியில் கேட்டுச் செய்துகொள்ளலாம்.

செக்கு விஷயம் இதைவிடப் பழையது. இன்றும் அதில் ஏமாறுகிறவர்கள் உண்டு. வெளியூர்க்காரர் செக்கு இயந்திரத்தில் ஒரு செக்கைப் போட்டுவிட்டுச் சீட்டின் படத்தை அனுப்புவார். கணக்கைத் திறந்தால் தொகையும் தெரியும். ஆனால் அது மிதக்கிற தொகை. செக்கு எழுதியவரின் பாங்கி ஒப்புக்கொண்டு பணம் மாறினால் ஒழிய அது நமதல்ல. அதற்குக் குறைந்தது மறு வேலைநாள் ஆகும், வெள்ளிக்கிழமை மாலையில் போட்டால் வாரம் திரும்ப வேண்டும். கணக்கில் 'இருப்பு' என்று ஒரு தொகையும், 'எடுக்கக்கூடிய இருப்பு' என்று ஒரு தொகையும் காட்டுவார்கள். வியாபாரிக்கு இரண்டாவதுதான் கணக்கு.

இனிச் சொல்லப்போவதை வாசகர்கள் நின்று நிதானித்துப் படிக்க வேண்டும். பணம் மெய்யாகவே வந்து, எடுக்கக்கூடிய இருப்பிலும் ஏறி, அதன் பிறகும் நாம் மாட்டிக்கொள்கிற வழி ஒன்று இருக்கிறது.

நாம் 2,400 வெள்ளிக்கு ஒரு கைத்தொலைபேசியை விற்பதாக விளம்பரம் போட்டிருக்கிறோம். ஒருவன் வந்து விலை பேசி முடித்து, நம் கணக்கு எண்ணை வாங்கிக்கொள்கிறான். அதே நேரத்தில் அவன் வேறோர் இடத்தில், வாடகைக்கு வீடு இருப்பதாகப் பொய் விளம்பரம் போட்டிருக்கிறான். ஈப்போவிலிருக்கும் ஓர் அம்மாள் அந்த வீட்டை எடுத்துக்கொள்ள ஆசைப்படுகிறார். "முன்பணம் 2,400 வெள்ளி, இந்தக் கணக்கில் போடுங்கள்" என்று நம் எண்ணை அந்த அம்மாளிடம் கொடுக்கிறான். அம்மாள் போடுகிறார். பணம் நம் கணக்கில் ஏறுகிறது. நாம் மகிழ்ந்து கைத்தொலைபேசியை அவன் சொன்ன விலாசத்துக்கு அனுப்பிவிடுகிறோம். வீடும் இல்லை, ஆளும் இல்லை என்று தெரிந்ததும் அம்மாள் போலீசுக்குப் போகிறார். அவர் கையில் இருக்கிற ஒரே துப்பு நம் கணக்கு எண். அதன்பின் பாங்கியில் நம் கணக்கு முடங்குகிறது; மொத்த வியாபாரிக்குக் கொடுக்க வேண்டிய பாக்கியும், கடை வாடகையும், பையன்களின் சம்பளமும் அதற்குள்ளே அகப்பட்டுக்கொள்கின்றன. ஏமாற்றியவன் யாருக்கும் தன் கணக்கு எண்ணைக் கொடுக்கவேயில்லை. ஏமாந்த இருவரை ஒருவருக்கொருவர் கள்ளனாகக் காட்டிவிட்டு அவன் போய்விட்டான்.

இந்த மூன்று முனை மோசடிக்குக் காவல் மூன்று இடத்தில் இருக்கிறது. வரவில் அனுப்பியவர் பெயர் வருகிறது; அந்தப் பெயரும், நம்மிடம் ஆர்டர் கொடுத்தவர் பெயரும், பார்சல் போகும் விலாசத்திலுள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். "என் மச்சான் கணக்கிலிருந்து போட்டேன்" என்று சொல்லக்கூடும். நம் சமூகத்தில் மச்சான் பணம் போடுவது அதிசயமில்லைதான். பாதி வியாபாரம் அப்படித்தான் நடக்கிறது. ஆனால் பத்து வெள்ளிச் சாமானுக்குள்ள தாராளத்தை இரண்டாயிரம் வெள்ளிச் சாமானுக்குக் காட்டக் கூடாது. தொகை பெரிதானால் சொந்தப் பெயரிலிருந்துதான் பணம் வரவேண்டும் என்பதை ஆர்டர் எடுக்கும்போதே சொல்லிவிட வேண்டும். அடுத்தது, பணம் அனுப்பும்போது குறிப்பு எழுதுகிற கட்டத்தில் கடைப் பெயரையும் சாமானின் பெயரையும் எழுதச் சொல்லுவது. வீட்டு முன்பணம் என்று நினைத்துப் பணம் போடுகிற அம்மாளிடம், "கைத்தொலைபேசி, இன்ன கடை" என்று எழுதச் சொன்னால் அவருக்கே விழிப்புத் தட்டும். குறிப்பு இல்லாமல் வந்த பெரிய தொகைக்குச் சரக்கு அனுப்புமுன் ஒரு முறை விசாரிக்கலாம். மூன்றாவது, தங்கம், கைத்தொலைபேசி, கேமரா போல உடனே காசாகிற பொருள்களை ஆள் அனுப்பி எடுத்துக்கொள்கிறேன் என்பவரிடம் கூடுதல் ஜாக்கிரதை. வருகிற ஓட்டுநருக்கு ஒன்றும் தெரியாது. அவரைப் பிடித்துப் பயனில்லை.

பெயர் பொருந்தாவிட்டால் என்ன செய்வது? சரக்கை நிறுத்திவைத்து, பணத்தை வந்த கணக்குக்கே திருப்பிவிட வேண்டும். எந்தக் காரணம் சொன்னாலும் வேறு கணக்குக்குத் திருப்பலாகாது. "கைதவறி 300க்குப் பதில் 3,000 போட்டுவிட்டேன், மீதியைத் தம்பி கணக்குக்கு அனுப்புங்கள்" என்று கெஞ்சுகிறவர்கள் வருவார்கள். முதலில் அந்த 3,000 மெய்யாக வந்ததா என்று பார்க்க வேண்டும்; பெரும்பாலும் வெறும் படந்தான் இருக்கும். வந்திருந்தால், நாமாக அனுப்பாமல் பாங்கிக்குத் தெரிவித்து, அவர்கள் மூலமாகவே வந்த வழியில் திருப்பலாம். நல்லவருக்கு அதில் கஷ்டமில்லை.

போலீஸ் இலாகாவின் வர்த்தகக் குற்றப் பிரிவு, 'செமாக் மியூல்' என்ற பெயரில் ஒரு தளம் வைத்திருக்கிறது. அதில் தொலைபேசி எண்ணையோ பாங்கிக் கணக்கு எண்ணையோ போட்டால், அவற்றின்மேல் புகார் உண்டா என்று காட்டும். புதிய ஆளிடம் பெரிய ஆர்டர் எடுக்குமுன் இதைப் பார்ப்பதற்கு ஒரு நிமிஷந்தான் ஆகும். ஆனால் பெயர் இல்லை என்பதற்காக அவர் உத்தமர் என்று முடிவுகட்டிவிட வேண்டாம். புகார் வராத வரையில் எல்லா எண்ணும் சுத்தந்தான்.

இது ஒரு புறமிருக்க, பணம் வாங்குவதற்கு நாம் என்ன கொடுக்க வேண்டும் என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். கணக்கு எண், அல்லது டூயிட்நவ் எண், அல்லது நம் கியூஆர் படம். அவ்வளவே. கடவுச்சொல்லோ, கார்டின் பின்புறமுள்ள மூன்று எண்ணோ, பாங்கி அனுப்பும் டி.ஏ.சி. எண்ணோ பணம் வாங்குகிறவர் கொடுக்க வேண்டிய அவசியம் உலகத்தில் எங்கும் இல்லை. இவை யாவும் பணம் வெளியே போவதற்கான சாவிகள். "நான் பணம் கட்டிவிட்டேன், நீங்கள் இந்தச் சுட்டியை அமுக்கி உங்கள் பாங்கியைத் தேர்ந்தெடுத்தால் பணம் வந்துவிடும்" என்று வாங்குகிறவர் சொன்னால், அவர் வாங்க வந்தவர் அல்லர். கூரியர் கம்பெனியின் பெயரிலும் சந்தைத் தளத்தின் பெயரிலும் அச்சுப் போட்டாற்போல் பக்கங்கள் தயாரித்து வைத்திருக்கிறார்கள். அவ்வாறே, "ஆர்டர் பட்டியல் இந்தக் கோப்பில் இருக்கிறது, ஏற்றிக்கொள்ளுங்கள்" என்று ஏ.பி.கே. என முடிகிற கோப்பை அனுப்பினால் தொடவே கூடாது. அது பட்டியல் அல்ல, நம் கைத்தொலைபேசிக்குள் குடியேறிக் குறுஞ்செய்திகளைப் படிக்கிற நிரல். குறுஞ்செய்தியில் வரும் எண்ணை விட்டுவிட்டுப் பத்திரமான வேறு முறைக்கு மாறும்படி பேங்க் நெகாரா 2022 செப்டம்பரில் பாங்கிகளுக்குச் சொன்னதற்கு இத்தகைய திருட்டுகளும் ஒரு காரணம்.

கியூஆர் விஷயத்தில் ஒரே விதி: நம் படத்தை அவர் ஸ்கேன் செய்தால் பணம் நமக்கு வரும், அவர் படத்தை நாம் ஸ்கேன் செய்தால் பணம் அவருக்குப் போகும். தலைகீழாகச் சொல்கிறவரை நம்ப வேண்டாம். கடை மேஜைமேல் ஒட்டியிருக்கும் கியூஆர் அட்டையைத் தினமும் கடை திறந்ததும் ஒரு முறை தடவிப் பார்ப்பதும் நல்ல வழக்கம். 2023 ஏப்ரலில் ஜாகர்த்தாவில் ஒருவன் பள்ளிவாசல்களின் தர்மப் பெட்டிகளிலேயே தன் கியூஆர் சீட்டை ஒட்டிவைத்தான். இஸ்திக்லால் பள்ளிவாசலும் அதற்குத் தப்பவில்லை. அல்லாஹ்வின் வீட்டில் கைவைக்கத் துணிந்தவர்களுக்கு நம் கடை மேஜை எம்மாத்திரம்? இணையத்தில் விற்கிறவர்கள், படத்தைக் குழுக்களில் போட்டுப் பரப்பாமல், ஆர்டர் கொடுத்தவருக்கு மட்டும் தனியே அனுப்புவது மேல்.

இனி, நடுவர் வைத்து நடக்கும் வியாபாரம். ஷாப்பி, லசாடா போன்ற சந்தைகளில் வாங்குகிறவர் பணத்தைச் சந்தைக்காரரிடம் கட்டுகிறார். சரக்கு கிடைத்ததை அவர் ஒப்புக்கொண்ட பிறகோ, அதற்கென்று வைத்த கெடு கழிந்த பிறகோ நமக்கு விடுகிறார்கள். பழைய காலத்தில் இரு தரப்புக்கும் வேண்டிய ஒரு பெரியவரிடம் பணத்தைக் கொடுத்து வைத்துப் பேரம் முடிப்பார்கள் அல்லவா, அந்த ஏற்பாடுதான் இது. கழிவு பிடிக்கிறார்கள், பணம் சில நாள் தங்குகிறது என்று குறைப்பட்டுக்கொள்வோர் உண்டு. நான் கேட்பது, முகமறியாத ஆயிரம் பேரோடு வியாபாரம் செய்ய அந்தக் கழிவு ஒரு காவற்கூலி ஆகாதா என்பது. வாடிக்கையாகிவிட்டவரோடு நேரே வைத்துக்கொள்வது வேறு விஷயம். ஆனால் சந்தையில் புதிதாக வந்த ஒருவர் முதல் ஆர்டரிலேயே, "கழிவு உங்களுக்கு நஷ்டந்தானே, வெளியே வாட்ஸ்அப்பில் முடித்துக்கொள்வோம்" என்று நம் லாபத்தின் மேல் அக்கறை காட்டினால், அந்த அக்கறைக்கு வேறு அர்த்தம் இருக்கலாம். வெளியே வந்துவிட்டால் நடுவர் நமக்காகப் பேச மாட்டார்.

சந்தையில் விற்கிறவருக்கு ஆபத்து வருவது திருப்பி அனுப்பும் சரக்கில். சரக்கில் குறையென்று சொல்லி, பெட்டிக்குள் வேறு எதையாவது வைத்து அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். விலையுள்ள பொருளைக் கட்டும்போது, எண்ணும் அடையாளமும் தெரியும்படி ஒரே தொடர்ச்சியாக வீடியோ எடுத்து வைக்க வேண்டும். திரும்பி வரும் பெட்டியையும் வீடியோ ஓடும்போதே பிரிக்க வேண்டும். பிரித்த பிறகு எடுத்த படத்துக்கு மதிப்பில்லை.

சரக்கைக் கொடுத்துப் பணம் வாங்கும் சி.ஓ.டி. முறை நமக்குப் புதிதல்ல. தமிழ்நாட்டுப் புத்தகக் கடைக்காரர்கள் வி.பி.பி. என்று தபாலில் அனுப்பி வந்தது இதுதான். இதில் பணம் வாங்குகிறவர் கூரியர். கள்ள ரசீதுக்கு இடமில்லை. ஆனால் வாங்க மறுத்துவிட்டால் போகவரக் கூலி நம் தலையில். பார்சலுக்கு 6 வெள்ளி லாபம், போகவரக் கூலி 16 வெள்ளி என்று வைத்துக்கொண்டால், பத்துப் பார்சலில் இரண்டு திரும்பினால் எட்டில் கிடைத்த 48 வெள்ளி லாபத்தில் 32 வெள்ளி போய்விடும். மூன்று திரும்பினால் 42க்கு 48 செலவு, கைப்பணம் போகும். எனவே விலை குறைந்த, லாபம் மெலிந்த சாமானுக்கு இந்த முறை பொருந்தாது. அனுப்புமுன் தொலைபேசியில் கூப்பிட்டு விலாசத்தை வாயால் சொல்லச் சொல்லிக் கேட்பதும், கூலியை மட்டும் முன்பணமாக வாங்குவதும் வீண் ஆர்டர்களைக் குறைக்கும்.

வெளிநாட்டிலிருந்து வாங்குகிறவர்கள் கார்டிலோ பேபாலிலோ கட்ட விரும்புவார்கள். கார்டு பணம் கைக்கு வந்தும் முழுதாக நமதாகிவிடாது. கார்டுக்குரியவர், "இது நான் செய்ததல்ல" என்றோ "சரக்கு வரவில்லை" என்றோ தம் பாங்கியில் ஆட்சேபித்தால் பணத்தைத் திருப்பி எடுப்பார்கள். இதற்கு அவர்களுக்கு நான்கு மாதம் வரையிலும் கெடு இருக்கக்கூடும். கார்டுக்காரரின் கைத்தொலைபேசிக்கே போய் உறுதி கேட்கிற முறையில் பணம் வாங்கியிருந்தால், 'நான் செய்யவில்லை' என்ற ஆட்சேபம் பெரும்பாலும் கார்டு கொடுத்த பாங்கியின் பொறுப்பாகிவிடுகிறது. 'சரக்கு வரவில்லை' என்ற ஆட்சேபத்துக்கு நாமே பதில் சொல்ல வேண்டும். அதற்குக் கையெழுத்தோ படமோ உள்ள டெலிவரி அத்தாட்சி வேண்டும். கார்டு எண்ணை வாட்ஸ்அப்பில் வாங்கி நாமே அடிக்கிற வேலை கூடவே கூடாது. பேபாலில் வாங்குகிறவருக்கு ஆட்சேபிக்க 180 நாள் உண்டு. அதில் விற்பவருக்குக் கிடைக்கிற பாதுகாப்பு, பணம் கட்டிய பதிவிலுள்ள அதே விலாசத்துக்குச் சரக்கை அனுப்பியிருந்தால்தான். "விலாசம் மாறிவிட்டது, இங்கே அனுப்புங்கள்" என்றாலும், "நானே ஆள் விட்டு எடுத்துக்கொள்கிறேன்" என்றாலும் அந்தப் பாதுகாப்பை நம்ப முடியாது. அப்படியானால் பணத்தைத் திருப்பிக் கொடுத்து, புதிய விலாசத்தோடு மறுபடி கட்டச் சொல்ல வேண்டியதுதான்.

மொத்த வியாபாரிகளுக்கு ஒரு வார்த்தை. புருணைக்கோ தாய்லாந்துக்கோ பெரிய தொகைக்குச் சரக்கு அனுப்புகிறவர்கள் பட்டியலை ஈமெயிலில் அனுப்புகிறார்கள். அந்த ஈமெயிலைத் திருட்டுத்தனமாகத் திறந்து படித்து, நம் பெயரிலேயே, "எங்கள் பாங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இங்கே அனுப்பவும்" என்று வாங்குகிறவருக்கு எழுதிவிடுகிறார்கள். அவர் பணம் கட்டிவிட்டார், நமக்கு வரவில்லை, சரக்கோ கப்பலில். யார் நஷ்டப்படுவது என்று இருபது வருஷத்துச் சிநேகம் முறிந்துபோகும். பட்டியலின் அடியில், "எங்கள் பாங்கிக் கணக்கு கடிதம் மூலம் மாறாது, மாறினால் குரலில் பேசி உறுதி செய்வோம்" என்று நிரந்தரமாக அச்சிட்டு வைத்தால் பாதி ஆபத்துப் போயிற்று.

எந்த முறையில் வாங்கினாலும் ஒரு பேரேடு வேண்டும். கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கும் கட்டளை ஓதப்பள்ளியிலேயே நமக்கு வந்துவிட்டது; கைத்தொலைபேசியில் எல்லாம் இருக்கிறதே என்று நாம்தான் அதை விட்டுவிட்டோம். ஆர்டர் தேதி, பெயர், தொலைபேசி எண், தொகை, பணம் அனுப்பியவர் பெயர், பாங்கிக் குறிப்பு எண், பார்சல் எண் என ஒரு வரியில் ஏழு விவரம். கைத்தொலைபேசி தொலைந்தாலும் பேரேடு பேசும். கணக்கு முடங்கி விசாரணைக்குப் போகிற நாளில், நாம் மெய்யாகவே சரக்கு அனுப்பினோம் என்பதைக் காட்ட இந்த ஒரு வரியும் கூரியர் சீட்டும் பெருந்துணை. நம் பெயர், பதிவு எண், விலாசம், கூலியோடு சேர்ந்த முழு விலை, பணம் கட்டும் முறை, சரக்கு சேரும் நாள் இவற்றை வாங்குகிறவருக்குத் தெரியக் காட்ட வேண்டும் என்று இணைய வியாபாரிகளுக்குச் சட்டமே விதித்திருக்கிறது. அதையும் இத்தோடு செய்துவிடலாம்.

இவ்வளவுக்குப் பிறகும் ஏதேனும் நேர்ந்துவிட்டால், மானத்துக்குப் பயந்து மூடி மறைக்கிற புத்தி வேண்டாம். நம் கணக்கிலிருந்து பணம் போயிருந்தால் உடனே 997 என்ற எண்ணைக் கூப்பிட வேண்டும். தேசிய மோசடித் தடுப்பு நிலையமாக 2022 அக்டோபரில் ஏற்பட்டது அது. பாங்கியையும் கூப்பிடலாம். பணம் ஒரு கணக்கிலிருந்து அடுத்ததற்குத் தாவுமுன் பிடிக்க வேண்டியிருப்பதால் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளக் கூடாது. அதன்பின் போலீசில் புகார் எழுதி வைத்து, நகலைப் பாங்கியில் கொடுக்க வேண்டும். வாட்ஸ்அப் பேச்சை ஆத்திரத்தில் அழித்துவிடக் கூடாது. அவன் எண்ணைத் தடுப்பதற்குமுன் எல்லாவற்றையும் படமெடுத்துக்கொள்ள வேண்டும். போனது பணமல்ல, சரக்குதான் என்றால், அது இன்னும் வழியில் இருக்கிறதா என்று பார்சல் எண்ணைப் போட்டுப் பார்க்க வேண்டும். டெலிவரி ஆகாத பார்சலை நிறுத்திவைக்கும்படி அனுப்பியவர் என்ற முறையில் நாம் கேட்கலாம். போனில் காத்திருப்பதைவிட, சீட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, பார்சலைக் கொடுத்த கூரியர் கிளைக்கே நேரில் போய்விடுவது விரைவு.